தவளைக்காக உலக மாநாடு: போவதால் தவளைக்கு என்ன கிடைக்கும்?

#1 ஓடைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளில் ஓடைத் தவளைகளைக் கணக்கெடுக்கிறேன். வெளிநாட்டில் நடக்கும் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச்சுருக்கம் அனுப்பு என்று கைடு சொல்லியிருக்கிறார். கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

பதிவுக் கட்டணம், விமானம், விசா எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். என் ஐந்து மாத உதவித்தொகை. அந்தப் பணம் இருந்தால் ஒரு பருவம் முழுக்க ஜீப் வாடகையைப் பற்றிக் கவலைப்படாமல் களத்துக்குப் போகலாம். பயண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் உறுதியில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "அங்க போயி பேசினா இங்க தவளை பெருகுமா கண்ணு?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்வியோடுதான் சுற்றுகிறேன். இப்படிப்பட்ட கூட்டங்களால் தவளைகளுக்கு உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 பழையகுளம்

தம்பி, நான் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். உன் அம்மாவுக்கு 1989ஆம் ஆண்டுக் கதையைச் சொல்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில், கென்ட் பல்கலைக்கழகத்தில், ஊர்வன, நீர்நிலவாழ்வன (தவளை, பல்லி போன்ற உருவமுள்ள சாலமாண்டர் முதலியவை) ஆய்வாளர்களின் முதல் உலக மாநாடு நடந்தது. அதுவரை இந்தத் துறைக்காரர்கள் உலக அளவில் ஓரிடத்தில் கூடியதில்லை. கோஸ்ட்டா ரிக்காக்காரருக்குத் தன் மலை தெரியும், ஆஸ்திரேலியாக்காரருக்குத் தன் ஓடை தெரியும், அவ்வளவுதான்.

கோஸ்ட்டா ரிக்காவின் மான்டிவெர்டி மலைக்காட்டில் பொன்தேரை என்று ஓர் இனம். ஆண் தேரை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். மார்ட்டி கிரம்ப் என்ற ஆய்வாளர் 1987ல் அவை இனப்பெருக்கத்துக்குக் கூடும் குட்டைகளில் 1500க்கு மேல் எண்ணினார். மறு ஆண்டு அதே முக்கிய இடத்தில் ஒன்றே ஒன்று. 1989 மே 15ல் மறுபடி ஒன்று. அதோடு சரி, அப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் முட்டைகளை விழுங்கி, வயிற்றிலேயே குஞ்சாக வளர்த்து, வாய்வழியாக வெளியே விடும் தவளை ஒன்று இருந்தது. 1973ல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். 1981க்குப் பிறகு காட்டில் அது இல்லை. அதன் உறவுத் தவளை ஒன்றை 1984ல் கண்டுபிடித்தார்கள், அடுத்த ஆண்டே அதுவும் போய்விட்டது.

இதில் ஒன்றைக் கவனி. தவளை காணாமல் போன ஒவ்வொருவரும் அதைத் தன் ஊர்ப் பிரச்சினை என்றே நினைத்திருந்தார்கள். 'அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது', 'நான் தப்பான நேரத்தில் போய்விட்டேன்', 'என் மாணவன் சரியாகத் தேடவில்லை'. கேன்டர்பரியில் தேநீர் இடைவேளையிலும் சாப்பாட்டு மேசையிலும் ஒருவர் தயங்கிச் சொன்னதும், பக்கத்தில் இருந்தவர் 'எங்கள் ஊரிலுமா?' என்று கேட்டார். பாதுகாக்கப்பட்ட காட்டில், ஒரு மரம்கூட வெட்டப்படாத மலையில், கண்டம் கண்டமாக ஒரே மாதிரி நடந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அங்கிருந்து திரும்பிய பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் வேக் சும்மா இருக்கவில்லை. அடுத்த பிப்ரவரியிலேயே, 1990ல், கலிஃபோர்னியாவின் இர்வைனில் இதற்கென்றே ஒரு பயிலரங்கு நடந்தது. 1991ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அமைப்பின் கீழ், இந்த வீழ்ச்சியை ஆராய ஒரு பணிக்குழு உருவானது. எல்லாம் சேர்த்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கூடியிருக்காவிட்டால் இன்னும் பத்து வருடம் ஆளாளுக்குத் தங்கள் குட்டையைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள்.

#3 கணக்குப்பிள்ளை

ஐயா சொன்ன கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் வேறு பக்கம் நின்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் தவளைகள்மேல் அக்கறை உண்டு, அதனால்தான் கேட்கிறேன்.

2004ல் தவளைகள் உள்பட உலகின் நீர்நிலவாழ்வன எல்லாவற்றையும் முதன்முதலாக முழுமையாக மதிப்பிட்டார்கள். 5743 இனங்களைப் பார்த்ததில் 32.5 விழுக்காடு ஆபத்தில் இருந்தன. இரண்டாம் மதிப்பீடு 2023ல் வந்தது. 8011 இனங்களில் 40.7 விழுக்காடு. இடையில் எத்தனை மாநாடுகள்! 2005ல் வாஷிங்டனில் ஒரு உச்சிமாநாடு கூட்டி, ஐந்தாண்டுகளுக்கு 40 கோடி டாலர் வேண்டும் என்று செயல்திட்டம் போட்டார்கள். அதற்கு அருகில்கூட பணம் வரவில்லை. கூட்டம் கூடக் கூடத் தவளை குறைகிறது என்றுதானே இந்தக் கணக்கு சொல்கிறது?

இன்னொன்று. தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோயை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் காப்பாற்றப் போனவர்களுக்கும் பங்கு உண்டு. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு சிறு தேரை இனத்தைக் கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள். வளர்த்த இடத்தில் இருந்த தென்னாப்பிரிக்கத் தவளையிடமிருந்து பூஞ்சை தொற்றி, அதுவும் தீவுக்குப் போய்விட்டது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#4 ஆய்வக மேசை

கணக்குப்பிள்ளை அண்ணா, எண்கள் சரி. ஆனால் அந்த இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. 2004ல் நமக்குத் தெரியாத பல இனங்கள் இப்போது தெரிய வந்திருக்கின்றன. இன்றைய அறிவோடு பின்னோக்கிக் கணக்கிட்டால் 1980ல் 37.9, 2004ல் 39.4, இப்போது 40.7 என்று 2023 ஆய்விலேயே போட்டிருக்கிறார்கள். நிலைமை மோசமாகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் எட்டு விழுக்காடு பாய்ச்சல் இல்லை. 1980க்குப் பிறகு 120 இனங்களின் நிலை மேம்பட்டிருக்கிறது, அதில் 63 பாதுகாப்பு வேலையால் நேரடியாக மீண்டவை.

நான் நோய்க்கூற்று ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், அதனால் பூஞ்சைக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1990களின் தொடக்கத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. புற ஊதாக்கதிர், அமில மழை, பூச்சிமருந்து என்று ஆளுக்கொரு சந்தேகம். ஆஸ்திரேலியாவில் லீ பெர்கர், ரிக் ஸ்பியர் ஆகியோர் குயின்ஸ்லாந்தில் செத்துக்கிடந்த தவளைகளின் தோலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனாமாவில் கேரன் லிப்ஸ் ஓடைக்கரையில் தவளைப் பிணங்களைச் சேகரித்தார். வாஷிங்டன் விலங்குக்காட்சிசாலையில் கூண்டுத் தவளைகள் செத்தன, அவற்றை ஆலன் பெஸியரும் டான் நிக்கல்ஸும் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் தோல் செல்லுக்குள் ஒரே மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது. படங்களைப் பரிமாறி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒன்று என்று தெரிந்தது. மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோர் கைட்ரிட் என்ற நுண்ணிய பூஞ்சை வகையில் ஊறியவர். அவர்தான் அதைத் தனியே வளர்த்தெடுத்தார். 1998ல் ஆஸ்திரேலிய, மத்திய அமெரிக்க முடிவுகள் ஒரே கட்டுரையாக வந்தன, 1999ல் பெயர் வைத்தார்கள்.

தவளை தோலால்தான் தண்ணீர் குடிக்கும், உப்பையும் தோல் வழியாகத்தான் சமன் செய்யும். பூஞ்சை தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைப் பிடிக்கும். சோடியமும் பொட்டாசியமும் ரத்தத்தில் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும். நோய் முற்றிய தவளை பகலில் திறந்தவெளியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், மல்லாக்கப் புரட்டினால் திரும்பிக் கவிழாது. தலைப்பிரட்டைக்கு வாய்ப்பகுதியில் மட்டும்தான் கெரட்டின், அதனால் அது சாகாது, பூஞ்சையைச் சுமந்துகொண்டு நீந்தும். வால் மறைந்து தோல் மாறும்போதுதான் சாகும். அதனால்தான் குட்டையில் தலைப்பிரட்டை நிறைய இருக்கிறதே என்று பலர் ஏமாந்தார்கள்.

மயோர்க்கா பற்றிச் சொன்னீர்கள், உண்மைதான். அதே தீவில் தலைப்பிரட்டைகளுக்கு மருந்து கொடுத்து, குட்டைகளைக் கிருமிநாசினி போட்டுக் கழுவி, பூஞ்சையை ஒழித்ததையும் 2015ல் வெளியிட்டார்கள். தப்பை மறைக்காமல் எழுதியதால்தான் அடுத்தவர்கள் கூண்டில் வளர்ப்பதற்கே விதிகள் போட்டுக்கொண்டார்கள்.

#5 மீன்தொட்டி

இந்தப் பூஞ்சை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று படித்தேன். அந்தக் காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்காக ஆப்பிரிக்க நகத்தவளையை உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தார்களாமே?

#6 ஆய்வக மேசை

ஏற்றுமதி செய்தது உண்மை. பூஞ்சையின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்பது 2004 வாக்கில் வந்த கருத்து. 2018ல் உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்த மாதிரிகளின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தபோது கிழக்கு ஆசியாவை, குறிப்பாகக் கொரியத் தீபகற்பத்தைக் காட்டியது. பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் மாதிரிகளைக் கொடுத்ததால்தான் அந்த வேலை நடந்தது. முகம் தெரியாத ஒருவருக்கு யாரும் மாதிரியைப் பொட்டலம் கட்டி அனுப்ப மாட்டார்கள்.

#7 மகாவலி

நான் கண்டியிலிருந்து எழுதுகிறேன். ஒருவரும் சொல்லாத ஒன்று: நான்காவது உலக மாநாடு எங்கட நாட்டில்தான் நடந்தது, 2001 டிசம்பரில் பெந்தோட்டையில். அப்போது நான் இளநிலை மாணவன்.

அந்தக் காலத்தில் இலங்கைத் தவளைகளைப் பற்றி வெளியே கனபேருக்குத் தெரியாது. அடுத்த வருடம், 2002ல், இந்தச் சின்னத் தீவில் நூறுக்கு மேற்பட்ட தவளை இனங்கள் இருக்கின்றன என்ற கட்டுரை சயன்ஸ் இதழில் வந்தது. அதே வேலைதான் இன்னொன்றையும் காட்டியது: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகப் போத்தல்களில் போட்ட பல இனங்களை இப்போது காட்டில் காணவில்லை. கோப்பிக்கும் தேயிலைக்கும் மலைக்காட்டை வெட்டிய காலத்தோடு அவை போய்விட்டன. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கட பாட்டன் பூட்டன் உழைத்த மலையில் முன்பு என்ன கத்தியது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. 1853ல் விவரித்த ஒரு தவளையை, உடம்பில் நட்சத்திரம் தெளித்த மாதிரிப் புள்ளி உள்ளது, அழிந்துவிட்டது என்றே பதிந்திருந்தார்கள். 2009ல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கண்டார்கள். பழைய விவரணையையும் உயிருள்ள தவளையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் நாட்டிலேயே இருந்ததால்தான் அது முடிந்தது.

#8 கூச்சிங் மழை

பத்தாவது உலக மாநாடு எங்கள் ஊரில், சரவாக்கின் கூச்சிங்கில், 2024 ஆகஸ்டில் நடந்தது. நான் தன்னார்வலராக வேலை செய்தேன். அரங்கில் நடந்ததைவிட இரவு நடைகள்தான் எனக்கு மறக்கவில்லை. பக்கத்தில் உள்ள குபா தேசியப் பூங்காவில் குடுவைச் செடிகளுக்குள் முட்டையிடும் குட்டித் தவளை ஒன்று உண்டு. ஆண் தவளை முழுதாக வளர்ந்தாலே ஏறக்குறைய பதினோரு மில்லிமீட்டர்தான், விரல் நகத்தில் உட்காரலாம். 2010ல் அதைப் புது இனம் என்று அறிவித்தார்கள். கண்ணால் தேடினால் கிடைக்காது, கரகரவென்று வரும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரு இரவு பிரேசில் மாணவி ஒருவரும் சீன மாணவர் ஒருவரும் என்னோடு வந்தார்கள். இருவருக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யும்போது ஓடைச் சத்தத்தை எப்படிக் குறைப்பது என்று மண்ணில் குந்தி உட்கார்ந்து, மைக்கைக் கையால் மறைத்துக் காட்டி, அரைமணி நேரம் சைகையிலேயே பேசிக்கொண்டார்கள். அந்த முறையைத்தான் நானும் இப்போது பயன்படுத்துகிறேன்.

#9 சோலைக்காடு

தம்பி ஓடைக்கரை, உலக மாநாடு மட்டும் கூட்டம் இல்லை. நம் பக்கம் நடக்கும் மதிப்பீட்டுப் பயிலரங்குகளுக்கும் போய்ப் பார். கோயம்புத்தூரின் ஜூ அவுட்ரீச் அமைப்பு 1990களிலிருந்து இதைச் செய்கிறது. 1998ல் அவர்கள் கொண்டுவந்த இந்திய நீர்நிலவாழ்வன அறிக்கைதான் எங்கள் தலைமுறைக்கு அடிப்படை.

இதுபோன்ற ஒரு பயிலரங்கில் நான் குறிப்பெடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு தவளைக்கு ஒரு படிவம். எங்கே இருக்கிறது, எத்தனை இடம், என்ன அச்சுறுத்தல், கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள். ஒரு ஓடைத் தவளைக்கு மூன்று இடம் என்று மூன்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். வரைபடத்தில் மூன்று புள்ளி வைத்தாயிற்று. டீ குடிக்கும்போது ஒருவர் தன் ஓடைக்குப் போகும் வழியைச் சொன்னார்: பழைய பாலம், இடது பக்கம் ஒரு கோயில், அப்புறம் ஏலத்தோட்டம். இன்னொருவர் நிமிர்ந்து பார்த்தார். மூவரும் சொன்னது ஒரே ஓடை! ஒருவர் எஸ்டேட் பெயரை எழுதியிருந்தார், ஒருவர் வனத்துறைப் பெயரை, ஒருவர் அந்த ஊர் மக்கள் சொல்லும் பெயரை. மூன்று புள்ளி ஒன்றானது. அந்தத் தவளையின் ஆபத்து நிலை அன்று மதியமே மாறியது. மின்னஞ்சலில் இது பிடிபட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை சொன்ன நோய் பரப்பும் விஷயத்தையும் விட்டுவிடக் கூடாது. 1990களின் பணிக்குழுதான் களப்பணியாளர்களுக்கான நடைமுறைக் கையேட்டை எழுதியது. ஒரு ஓடை முடிந்ததும் கம்பூட்ஸில் ஒட்டிய சேற்றைப் பிரஷ் போட்டு முழுக்கத் தேய்த்து எடுக்க வேண்டும். சேறு இருந்தால் பிளீச்சிங் கரைசல் வேலை செய்யாது. அப்புறம்தான் கரைசல், அப்புறம் நன்றாகக் காயவைப்பது. ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. கழுவிய தண்ணீரை ஓடைப்பக்கம் கொட்டக் கூடாது. மேற்குத்தொடர்ச்சி மலையிலும் பூஞ்சை இருப்பது உறுதியாகியிருக்கிறது. கொத்துக் கொத்தாகச் சாகவில்லை என்பதால் அலட்சியமாக இருந்துவிடாதே.

#10 கணக்குப்பிள்ளை

அக்கா, மூன்று புள்ளி ஒன்றான கதைக்கு நன்றி. ஆய்வக மேசை திருத்தியதையும் ஏற்கிறேன். 37.9, 39.4, 40.7 என்பது எனக்குத் தெரியாது.

ஆனாலும் என் கவலை முழுதாகப் போகவில்லை. பணக்கார நாட்டில் கூட்டம் வைத்தால் தவளை அதிகம் இருக்கும் நாட்டு மாணவர்கள் விசாவுக்கே அலைய வேண்டியிருக்கிறது. பெந்தோட்டை, கூச்சிங் போல வெப்பமண்டலத்தில் வைப்பதுதான் நியாயம். கூட்டத்தில் முடிவெடுத்து உடனே நடந்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள், பிறகு நான் வாதாட மாட்டேன்.

#11 ஆய்வக மேசை

இரண்டு சொல்கிறேன் அண்ணா.

2005 வாஷிங்டன் கூட்டத்துக்கு அடுத்த ஆண்டே, அழியும் இனங்களைக் கூண்டில் வளர்த்துக் காக்க, விலங்குக்காட்சிசாலைகளை இணைத்து 'ஆம்பிபியன் ஆர்க்' என்ற அமைப்பு உருவானது. அதே 2006ல் பூஞ்சை பனாமாவின் எல் வாயே பள்ளத்தாக்கை எட்டிவிட்டது. தங்கத் தவளைகள் உள்பட பல இனங்களைக் காட்டிலிருந்து எடுத்தாயிற்று, ஆனால் காப்பிடம் கட்டி முடியவில்லை. அங்கிருந்த ஓட்டல் அறைகளில் தொட்டிகளை அடுக்கி வைத்துக் காப்பாற்றினார்கள். பணம் முழுசாக வந்திருந்தால் இன்னும் எத்தனையோ இனங்கள் மிஞ்சியிருக்கும், அந்த வருத்தம் எனக்கும் உண்டு.

இரண்டாவது சாலமாண்டர். நெதர்லாந்தில் கறுப்பு உடம்பில் மஞ்சள் திட்டு உள்ள நெருப்புச் சாலமாண்டர்கள் 2010லிருந்து மூன்றே ஆண்டில் 96 விழுக்காடு குறைந்தன. பெல்ஜியத்தின் கெந்த் (Ghent) பல்கலைக்கழகத்தில் ஆன் மார்ட்டலின் குழு 2013ல் அதற்குக் காரணமான இன்னொரு கைட்ரிட் பூஞ்சை இனத்தைக் கண்டுபிடித்தது. சாலமாண்டர் வகைகள் உலகிலேயே அதிகம் இருப்பது அமெரிக்காவில். அங்குள்ள ஆய்வாளர்கள் 2015ல் கூடி ஒரு பணிக்குழு அமைத்தார்கள். 2016 ஜனவரியில் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்கு அந்நாட்டு அரசு தடை போட்டது. முதல் பூஞ்சைதான் காரணம் என்று தெரியவே பல ஆண்டுகள் ஆயின. இரண்டாவதில் கண்டுபிடிப்பிலிருந்து தடைவரை இரண்டரை ஆண்டுகூட ஆகவில்லை. வட அமெரிக்கக் காட்டில் அந்தப் பூஞ்சையை இதுவரை யாரும் கண்டதில்லை.

#12 ஓடைக்கரை

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆய்வில் 14 ஓடைகள். ஆய்வுச்சுருக்கத்தில் ஒன்பதைத்தான் எழுதியிருந்தேன். மீதி ஐந்தில் மூன்று பருவமாக நான் தேடும் தவளை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பழைய பதிவுகளில் அதில் இரண்டு ஓடைகளில் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. நான் சரியாகத் தேடவில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து விட்டுவிட்டேன். பழையகுளம் ஐயா எழுதியதில் 'என் மாணவன் சரியாகத் தேடவில்லை' என்ற வரியைப் படித்ததும் நெஞ்சில் குத்தியது.

#13 பழையகுளம்

தம்பி, அந்த ஐந்தைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஆனால் எப்படி எழுதுகிறாய் என்பது முக்கியம். 1991ல், எல்லோரும் தவளை அழிகிறது என்று பதறிக்கொண்டிருந்தபோது, தென் கரோலினாவின் ரெயின்போ பே என்ற குட்டையில் 12 ஆண்டு தொடர்ந்து எண்ணியவர்கள் ஒரு கட்டுரை போட்டார்கள். குட்டையைச் சுற்றி வேலி கட்டி, உள்ளே போகும் வெளியே வரும் ஒவ்வொன்றையும் எண்ணினார்கள். ஒரு வருடம் ஆயிரக்கணக்கில், ஒரு வருடம் அநேகமாக ஒன்றுமில்லை. இயல்பான ஏற்ற இறக்கத்தையும் உண்மையான வீழ்ச்சியையும் பிரித்தறிய நீண்ட கணக்கு வேண்டும் என்று அவர்கள் சொன்னது அன்று பலருக்குக் கசந்தது. அந்த விமரிசனம்தான் துறையை ஒழுங்குபடுத்தியது.

ஆகவே 'இல்லை' என்று மட்டும் எழுதாதே. எத்தனை இரவு, எத்தனை மணி நேரம், எத்தனை பேர், மழை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு சூடு, பக்கத்து ஓடையில் அதே இரவு கிடைத்ததா, எல்லாவற்றையும் சேர். அப்படி எழுதினால், உன் போஸ்டருக்கு முன்னால் நிற்பவர் 'எங்கள் ஊரிலுமா' என்று கேட்க ஒரு வழி இருக்கும்.

#14 சோலைக்காடு

அந்த இரண்டு ஓடைகளின் பெயரை அங்கே இருக்கும் மக்களிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துவிடு தம்பி. பழைய பதிவில் இருப்பதும் நீ நின்றதும் ஒரே ஓடைதானா என்று.

#15 ஓடைக்கரை

அக்கா, நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. நேற்று காலை எஸ்டேட்டில் ஓய்வுபெற்ற ஒரு பாட்டியிடம் கேட்டேன். இரண்டில் ஒன்று வேறு ஓடை. பழைய பதிவில் உள்ள பெயரை அங்கே மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓடும் ஓடைக்குச் சொல்கிறார்கள். நான் அங்கே போனதே இல்லை. இன்னொன்று அதே ஓடைதான், அதில் ஐயமில்லை.

ஆய்வுச்சுருக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். தலைப்பில் 14 ஓடைகள். ஒன்றும் கிடைக்காத ஐந்திலும் 41 இரவுகள், நேரம், மழை, ஆட்கள் எல்லாம் சேர்த்தாயிற்று. கைடு படித்துவிட்டு, இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று கேட்டார். பயண உதவிக்கும் விண்ணப்பம் போயிற்று. கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம் அடுத்து நடக்கும் பயிலரங்குக்கு இதே தாளோடு போவேன்.

அம்மாவிடம் கேன்டர்பரி கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஓடைய எப்பப் பாக்கப் போற?" என்றார். இன்று இரவு போகிறோம். மதியத்திலிருந்து நல்ல மழை. பிரஷும் பிளீச்சிங் வாளியும் ஜீப்பில் ஏற்றியாயிற்று.